பில் இல்லாமல் போன கதிரைகள்

முத்துலிங்கத்துக்குத் தன் பெயரை எழுத்தில் பார்ப்பதென்றால் தனி ஆசை. அதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. கொட்டாஞ்சேனையில் அவர் போகும் கோயிலின் மின்விசிறி ஒவ்வொன்றிலும் அவர் பெயர் இருக்கிறது. விசிறி நின்றால்தான் வாசிக்கலாம். அதனால் கரண்ட் போகும்போது ஊரே சலித்துக்கொள்ள இவர் முகம் மட்டும் மலரும் என்று வெள்ளவத்தை வீட்டில் மனைவி பாக்கியலெட்சுமி வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பள்ளிக்கூடத் தண்ணீர்த் தாங்கியிலும் அவர் பெயர். பஸ் தரிப்பிட வாங்கிலும் அவர் பெயர். "உபயம்: முத்துலிங்கம் பிளாஸ்டிக்ஸ், கொட்டாஞ்சேனை."

கடை கொட்டாஞ்சேனையில். வாளி, பேசின், கதிரை வார்க்கிற தொழிற்சாலை ஆற்றுக்கு அப்பால் பேலியகொடையில், மீன் சந்தையின் மணம் எட்டும் தூரத்தில். அந்தத் தொழிற்சாலையில் அவர் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. பில் போட்டு விற்கிற கதிரைக்கு எழுத்து இல்லை. பில் இல்லாமல் ஒரு கதிரை கேற்றைத் தாண்டினால் அதன் முதுகில் உபயம் எழுதியிருக்க வேண்டும். முன்னொரு காலம் கோயிலுக்கு என்று அவர் சும்மா கொடுத்த கதிரைகள் புறக்கோட்டையில் ஒரு கடையில் விலைக்கு நின்றதைக் கண்டு, வயிறெரிந்து போட்ட சட்டம் அது. எழுத்து வெட்டிய தகரத்தைக் கதிரையின் முதுகில் வைத்து ஸ்பிரே அடிக்கும் வேலை ரொனியுடையது. ரொனி கொட்டாஞ்சேனை ஆள், ஐம்பது தாண்டியவன். கதிரை எங்கே போகிறதென்று அவன் கேட்பதில்லை. பில் உண்டா இல்லையா என்று மட்டும் பார்ப்பான்.

இப்படிப் பெயர் பைத்தியமான மனுசன் ஒரேயொரு விஷயத்தில் மட்டும் தன் பெயர் வெளியே வரக்கூடாது என்று நினைத்தார். அது தேர்தல். தேர்தல் வந்தால் யாவாரிகள் எல்லா வாசலுக்கும் ஏதாவது கொண்டுபோய்க் கொடுப்பது கொழும்பில் பழகிப்போன காரியம். யார் வெல்வார் என்று யாருக்குத் தெரியும்? வெல்கிறவர் துறைமுகத்தில் கன்டெய்னரை மறிக்காமல் இருந்தால் போதும். முத்துலிங்கமும் ஒவ்வொரு முறையும் மூன்று வேட்பாளர்களுக்குக் கொடுப்பார். மூவரில் ஒருவருக்கும் மற்ற இருவரைப் பற்றித் தெரியாது. அவர் கெட்ட மனுசன் இல்லை. பயந்த மனுசன். அந்தப் பயத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் யாவாரம்.

இந்த முறை பயம் இரட்டிப்பாக வந்தது. இருவருக்குக் காசு கொடுத்தாகிவிட்டது. மூன்றாவது வேட்பாளரோ, தான் வென்றால் முகத்துவாரத்தில் கடற்கரையை ஒட்டியிருக்கும் தோட்டம் என்று சொல்கிற நெருக்கமான குடியிருப்பை உடைத்துக் கன்டெய்னர் முற்றம் கட்டுவேன் என்று மேடையில் சொன்னார். குடும்பங்களை எங்கோ தூரத்தில் இருக்கிற அடுக்குமாடிக்கு அனுப்புவாராம். அந்தத் தோட்டத்தில்தான் யோகேஸ்வரி இருக்கிறாள். முத்துலிங்கம் ஒற்றை மெஷினோடு தொழில் தொடங்கிய நாளிலிருந்து கூட நிற்பவள், இப்போது வேலைத்தளம் முழுவதற்கும் சூப்பர்வைசர். அவளோடு வேலைக்கு வரும் பெண்களில் பாதிப்பேர் அதே தோட்டம். அதை எதிர்த்து அவர்கள் தோட்டத்து வாசலில், பெரிய வீதியோரமாக ஒரு தகரப்பந்தல் போட்டு முறை வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

பந்தலுக்கு ஐம்பது கதிரை வேண்டும் என்று யோகேஸ்வரி வந்து கேட்டபோது முத்துலிங்கம் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"கேக்கவும் வேணுமே பிள்ளை? கொண்டுபோங்கோ. நான் உங்கட பக்கம்தான்."

"அந்தாளுக்கு நம்ம கம்பெனி ஒண்ணும் குடுக்காது தானே மொதலாளி?"

"சீ, அவனுக்கு நான் ஏன் குடுக்கிறன்?"

அதை அவர் சொன்ன நேரத்தில் அது உண்மைதான். பிறகு வெளியே வந்து லொறியைப் பார்த்தார். ஐம்பது கதிரையின் முதுகிலும் அவர் பெயர் பளிச்சென்று நின்றது. பந்தல் இருப்பது பெரிய வீதியில். வேட்பாளரின் ஜீப் தினமும் போய்வருவது அந்த வீதியால்தான். ரொனியைக் கூப்பிட்டு, தின்னர் போட்டு எல்லாவற்றையும் அழி என்று மெதுவாகச் சொன்னார். யோகேஸ்வரி கேட்டபோது, பெயிண்ட் சரியில்லை, கசிந்துவிட்டது என்றார். பெயர் இருந்த இடத்தில் ஊத்தை படிந்ததுபோல் ஒரு திட்டோடு அந்தக் கதிரைகள் முகத்துவாரம் போயின. அவள் அதை நம்பினாள்.

அடுத்த கிழமை முத்துலிங்கத்துக்குக் கண்ணில் கற்றரக்ட் ஒப்பரேஷன். கண்ணைக் கட்டிக்கொண்டு வெள்ளவத்தை வீட்டில் ரயில் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருந்தபோது தனுஷன் போன் எடுத்தான். அந்த வேட்பாளருக்குத் தமிழ்ப் பகுதிகளில் ஓடித்திரியும் பொடியன் அவன். கடைசிக் கூட்டத்துக்கு முந்நூறு கதிரை தர முடியுமா அங்கிள் என்று கேட்டான். ஐயா வெல்லுவது நிச்சயம், பிறகு யார் தந்தது யார் தரவில்லை என்று ஐயா பார்ப்பார் என்றும் சொன்னான். குரலில் மிரட்டல் எதுவும் இல்லை, தேன் மாதிரித்தான் பேசினான். முத்துலிங்கம் கண்ணைக் கட்டியிருந்த துணிக்குள்ளேயே கண்ணை மூடிக்கொண்டு, சரி அனுப்புகிறேன் என்றார். தொழிற்சாலைக்குப் போன் பண்ணி, முந்நூறு கதிரை ஏற்று, பில் வேண்டாம் என்றார்.

பில் வேண்டாம் என்றால் ரொனிக்கு என்ன அர்த்தம்? முதலாளி போட்ட சட்டம்தான் அர்த்தம். தகரத்தை எடுத்தான், முந்நூறுக்கும் அடித்தான். தின்னர் போடச் சொல்ல அன்றைக்கு அங்கே முதலாளி இல்லை. மேடை போட்ட கட்சிக்காரருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த தனுஷன் போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை.

கூட்டத்தன்று கொட்டிய மழையில் சனம் எழுந்து ஓடிவிட்டது. எந்தக் குசும்பனோ மைதானத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு படம் எடுத்து வைத்திருந்தான். வேட்பாளர் வென்ற மறுநாள் தோற்ற பக்கத்தார் அதைப் பேஸ்புக்கில் போட்டார்கள். இதுதான் மக்கள் வெள்ளமா என்று நக்கல் வேறு. மற்றவர்கள் அதில் வெறுங் கதிரைகளைப் பார்த்தார்கள். தமிழ் தெரிந்தவர்கள் மழையில் கழுவுண்டு வரிசை வரிசையாக நின்ற உபயத்தை வாசித்தார்கள். முத்துலிங்கத்தின் பெயர் அவ்வளவு அழகாக எந்தக் கோயிலிலும் தெரிந்ததில்லை.

கண் கட்டு அவிழ்த்து, டொக்டர் சொன்ன ஓய்வும் முடிந்து அவர் வேலைக்குப் போன நாள் தொழிற்சாலையில் ஒருவரும் அவருக்கு வணக்கம் சொல்லவில்லை. யோகேஸ்வரி மட்டும் ஒபிஸ் அறைக்குள் வந்து போனை மேசையில் வைத்தாள். படம் திறந்திருந்தது.

"மொதலாளி, இது வித்ததா, குடுத்ததா?"

அவள் கோபமாகக் கேட்டிருந்தால் அவரும் கோபப்பட்டிருப்பார். அவள் மன்றாடுகிற மாதிரிக் கேட்டாள். விற்றது என்ற ஒரு சொல் போதும், நிம்மதியாகப் போய்விடுவாள் என்று அவருக்கு விளங்கியது.

"பாத்துச் சொல்லுறன் பிள்ளை. கண்ணுக்கு மருந்து விட்டிருக்கு, ஒண்டும் வடிவாத் தெரியேல்ல."

முந்நூறு கதிரை தெரியவில்லையாம். அவள் போனை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று பின்னேரமே தனுஷன் வந்தான். இப்போது சட்டம் மாறிவிட்டதென்று அவருக்கு விளக்கினான். தனக்கு யார் யார் என்ன தந்தார்கள் என்று ஒவ்வொரு வேட்பாளரும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை யாரும் போய்ப் பார்க்கலாம். தேர்தலைக் கண்காணிக்கிற ஆட்கள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இந்தக் கதிரைகள் எந்தக் கணக்கில் வருகின்றன என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

"சிம்பிள் வேலை அங்கிள். பழைய திகதியில ஒரு பில் போடுங்க. நாங்க காசு கட்டி வாங்கின மாதிரி. உங்கட பேர் நன்கொடைப் பக்கத்தில வராது."

"முதுகில உபயம் எண்டு எழுதியிருக்கே தம்பி?"

"பெயிண்ட் அடிச்சவன் பிழையா அடிச்சிட்டான் எண்டு சொல்லுங்க. அவன்ட பேரை யார் கேக்கப் போறா?" தனுஷன் எழுந்து அவர் தோளில் கை வைத்தான். "பேர் வந்தா எங்களைவிட உங்களுக்குத்தான் கரைச்சல். தோத்த பக்கத்தாக்களும் பாப்பாங்க. ஐயாவுக்கும் மனசு நோகும். உங்கட சாமான் எல்லாம் ஹார்பரால வாறது தானே."

அவன் போன பிறகு முத்துலிங்கம் பில் புத்தகத்தை இழுத்து வைத்துக்கொண்டு இருந்தார். பில் எழுதிவிட்டால் பயமும் தீரும், யோகேஸ்வரியும் மன்னிப்பாள். கதிரை செய்கிறவன் விற்காமல் என்ன செய்வான், அதில் யார் குந்துகிறான் என்று பார்க்கவா முடியும்? தனக்குள் இப்படிப் பேசிப் பார்த்தபோது அவருக்கே அது நியாயமாகப் பட்டது.

மறுநாள் காலையில் அதைக் கேட்டபடி இடியப்பம் வைத்த பாக்கியலெட்சுமிக்கு அது நியாயமாகப் படவில்லை.

"அப்ப ரொனி?"

"அவனுக்குச் சம்பளத்தைக் கூட்டி விடுறன்."

"பிழை விட்டவனுக்கு ஆர் சம்பளம் கூட்டுறது? அந்தப் பொம்பிளையள் என்ன விசரியளே? சொதியை ஊத்திச் சாப்பிடுங்கோ."

அவர் சொதியை ஊற்றினார்.

தேநீர் நேரத்தில் மெஷின்களை நிறுத்தச் சொல்லி, எல்லோரையும் பொதி கட்டும் பக்கம் கூட்டினார். இவ்வளவு காலத்தில் அவர் இப்படிக் கூட்டியது போனஸ் சொல்ல மட்டும்தான். பெண்கள் கோப்பையும் கையுமாக நின்றார்கள். யோகேஸ்வரி முன்னுக்கு நின்றாள்.

"அந்தக் கதிரையள்... அது யாவாரம். வித்தனான். முதுகில எழுதினது ஒரு பிழை. பெயிண்ட் அடிக்கேக்க..."

அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. அவர் ரொனியின் பெயரைச் சொல்லவும் இல்லை. ஆனால் ரொனி தானாகவே முன்னுக்கு வந்தான்.

"என்ட பிழைதான்" என்றான். "முதலாளி போன்ல சொல்லியிருப்பார், நான்தான் சரியாக் கேக்கல்ல. சம்பளத்தில வெட்டுங்க முதலாளி. அந்தக் கதிரை எங்க இருந்தாலும் நானே போய்த் தின்னர் போட்டு அழிச்சிட்டு வாறன்."

அவன் நடிக்கவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்பிவிட்டான். முதலாளி பிழை விடுவார் என்று நினைக்க அவனுக்குத் தெரியாது. பின்வரிசையில் ஒரு பெண், "உன்னால எங்க மொதலாளி பேரு நாறிப் போச்சு" என்று அவன்மேல் பாய்ந்தாள். இன்னொருத்தி அவனை ஏதோ சிங்களத்தில் திட்டினாள். ரொனி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கினான்.

யோகேஸ்வரியின் முகம் அப்படியே இளகிவிட்டது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும் மொதலாளி" என்றாள். "ரெண்டு நாளா நான் தூங்கல்ல. எங்க ஆளுங்க எல்லாம் பேசினாங்க. நான் ஒத்துக்கவே இல்ல. நம்ம மொதலாளி அப்படிச் செய்ய மாட்டாருன்னு சண்டை போட்டேன்."

பொய் பலித்துவிட்டது. இனி அவர் வாயை மூடிக்கொண்டு ஒபிஸுக்குள் போனால் எல்லாம் சரி. முத்துலிங்கம் போகத் திரும்பினார். ரொனியைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அவன் குனிந்த தலை நிமிராமல், விரல் இடுக்கில் காய்ந்திருந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டு நின்றான். முத்துலிங்கத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அறுபது வயதுக்கு மேல் ஒரு மனுசனுக்கு இப்படியும் வெட்கம் வரும் என்று அவர் அறிந்திருக்கவில்லை.

"இல்லை" என்றார். குரல் மெஷின் நின்ற அந்த அமைதியில் பெரிதாகக் கேட்டது. "விக்கேல்ல. சும்மாதான் குடுத்தனான். ரொனியில ஒரு பிழையும் இல்லை. பில் இல்லாட்டி உபயம் அடிக்கச் சொன்னது நான். அவன் சொன்னதைச் செய்தவன். அந்தாளுக்கு மட்டுமில்லை, மற்ற ரெண்டு பேருக்கும் காசு குடுத்தனான். காசுக்கு முதுகில்லாததால ஒருத்தருக்கும் தெரியாமப் போச்சு."

ஒருவரும் சிரிக்கவில்லை. யோகேஸ்வரி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் எதையோ யோசித்துக்கொண்டு வருவது முகத்தில் தெரிந்தது. யோசனை ஓரிடத்தில் வந்து நின்றதும் கேட்டாள்.

"அப்ப எங்க கதிரை? அதிலயும் பேர் இருந்திச்சு. பெயிண்ட் கசிஞ்சு போச்சுன்னு சொன்னீங்க."

"கசியேல்ல."

"பின்ன?"

"தின்னர் போட்டு அழிக்கச் சொன்னனான். ஜீப்பில போறவன் பாத்திடுவான் எண்டு பயம்."

"அவனுக்குப் பேர் போட்டுக் குடுத்தீங்க. எங்களுக்குப் பேரைச் சுரண்டிட்டுக் குடுத்தீங்க." அவள் சத்தம் போடவில்லை. "எங்க வீட்ட ஒடைக்கப் போறவன் கூட இருந்தது ஊருக்கே தெரியுது. எங்க கூட இருந்தது மட்டும் யாருக்கும் தெரியக்கூடாது. அப்படித்தானே?"

அவள் குடிக்காத தேநீரை மேசையில் வைத்துவிட்டுப் போய் மெஷின்களைப் போட்டாள். ஒவ்வொருத்தியாகப் போனார்கள். கடைசியில் ரொனியும் முத்துலிங்கமும் அந்த ஆறிய தேநீரும்தான் மிச்சம்.

ஒபிஸுக்குள் போய் அவர் தனுஷனுக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, பில் இல்லை. உபயம் எண்டே எழுதும். என்ர பேரை முழுசா எழுதும், கம்பெனி பேரும் வேணும்."

"அங்கிள், இது விளையாட்டுக் கதை இல்ல."

"தெரியும் தம்பி. நான் காசு குடுத்த மற்ற ரெண்டு வேட்பாளருக்கும்கூடச் சொல்லப் போறன், என்ர பேரை எழுதிக் காட்டச் சொல்லி. நீர் எழுதாட்டி, கேக்கிற ஆக்களிட்ட நானே போய்ச் சொல்லுவன்."

மறுபக்கத்தில் தேன் வற்றிவிட்டது. போன் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த கிழமை துறைமுகத்துக்கு அவருடைய கன்டெய்னர் ஒன்று வர இருந்தது. அது எப்போது வெளியே வரும் என்று இனி அவருக்கு யாரும் உறுதி தரப்போவதில்லை. ஆனாலும் மேசையில் கிடந்த பில் புத்தகத்தை லாச்சிக்குள் வைத்துப் பூட்டும்போது, பல நாளைக்குப் பிறகு மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது.

சனிக்கிழமை வேலை முடிந்த பிறகு ரொனியையும் தகரத்தையும் இரண்டு டின் ஸ்பிரேயையும் வானில் ஏற்றிக்கொண்டு முகத்துவாரம் போனார். தகரப்பந்தலுக்குள் பெண்கள் இருந்தார்கள். கடற்காற்றில் பதாகை படபடத்தது. யோகேஸ்வரி அவரைக் கண்டும் எழும்பவில்லை.

"கதிரையளைத் தாங்கோ பிள்ளை."

"எதுக்கு? திருப்பி எடுத்துட்டுப் போகவா?"

"இல்லை. பேர் போட."

அவள் ரொனியைப் பார்த்தாள். அவன் கையில் இருந்த தகரத்தைப் பார்த்தாள். பிறகு வீதியைப் பார்த்தாள்.

"பேர் போட்டா, முதுகு ரோட்டுப் பக்கமாத்தான் வைப்போம். போற வாற எல்லாரும் படிக்கணும். முடியுமா மொதலாளி?"

பஸ்களும் லொறிகளும் உரசிக்கொண்டு போகிற வீதி. அந்த ஜீப்பும் எப்போதாவது வரத்தான் போகிறது, இப்போது முன்னுக்கும் பின்னுக்கும் பொலிஸோடு. முத்துலிங்கம் கழுத்தை நீட்டி வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஓம்" என்றார்.

பெண்கள் எழுந்தார்கள். அந்தத் திட்டின் மேலேயே தகரத்தை வைத்து ரொனி அடிக்கத் தொடங்கினான். முத்துலிங்கம் தகரத்தைப் பிடித்துக்கொண்டார். காற்று பெயிண்டை அவர் கைக்கும் கண்ணாடிக்கும் அள்ளிப் பூசியது. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனது. ஐம்பதையும் வீதிக்கு முதுகு காட்டி வரிசையாக வைத்து முடிந்ததும், அப்பாடா என்று பக்கத்திலிருந்த ஒன்றில் சாய்ந்து இருந்துவிட்டார்.

"மொதலாளி! காயல்ல!" என்று யோகேஸ்வரி கத்தினாள்.

அவர் துள்ளி எழுந்தார். வெள்ளைச் சேட்டின் முதுகில் உபயமும் அவர் பெயரும் கொட்டாஞ்சேனையும் தலைமாறி, இடம்மாறி அப்பிக்கிடந்தன. யாரோ ஒருத்தி கிளுக்கென்று சிரித்தாள். யோகேஸ்வரி அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிப்போடு கண்ணிலிருந்தும் வழிந்தது. பிறகு தானே ஒரு காய்ந்த ஸ்டூலைத் தேடிக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தாள்.

"இருங்க. பிளேன்டீ போடச் சொல்றேன்."

ரொனி பதறிப்போய் வானைத் திறந்தான். "கழற்றித் தாங்க முதலாளி. தின்னர் இருக்கு, இப்பவே போட்டா போயிடும்."

"தின்னரை உள்ளுக்கே வை" என்றார் முத்துலிங்கம். "இது போகத் தேவையில்லை."